கோவிந்தம்மாளின் இரண்டாவது வீடு

தில்லியில் தமிழர்களின் குடிசைப் பகுதியான முருகன் கேம்ப்பின் கடைசி வரிசையில் கோவிந்தம்மாளுக்கு ஒரு வீடு இருந்தது. மூன்று பக்கம் செங்கல், ஒரு பக்கம் தகரம், மேலே ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் அவள் புருஷன் குழந்தைசாமி. நொய்டாவில் சாரம் சரிந்து கீழே விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவன் அதை விட்டு இறங்கியதில்லை. அவள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்து அவனைக் காப்பாற்றி வந்தாள். அவளிடம் யாராவது உனக்கு எத்தனை வீடு என்று கேட்டிருந்தால், கேட்டவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள்.

அப்படிக் கேட்பதற்கென்றே தில்லியில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் பெயர் தலைநகர நீரோர நிலமீட்பு மற்றும் துல்லிய அளவை வாரியம். முழுப் பெயரையும் சொல்ல மூச்சுப் போதாது என்பதால் எல்லோரும் வாரியம் என்றே சொல்வார்கள்.

கேம்ப்புக்கு முன்னால் ஓடிய நாலாவின், அதாவது சாக்கடைக் கால்வாயின், எதிர்க்கரையில் வாரியம் ஒரு கல்லை நட்டது. கல்லிலிருந்து எண்பது மீட்டருக்குள் உள்ள வீடுகள் இடிக்கப்படும், அவற்றில் இருந்தவர்களுக்கு தில்லியின் கடைக்கோடியில் உள்ள நரேலாவில் ஃபிளாட் கொடுக்கப்படும், எண்பதைத் தாண்டிய வீடுகளை யாரும் தொட மாட்டார்கள் என்று மைக் வைத்து அறிவித்தார்கள்.

அளப்பதில்தான் சிக்கல். கல் அந்தக் கரையில், வீடுகள் இந்தக் கரையில். நடுவில் ஓடும் நாலா வேறோர் இலாகாவுக்குச் சொந்தம். அந்தத் தண்ணீருக்கு மேலே வாரியத்தின் டேப் போக வேண்டுமானால் அந்த இலாகா அனுமதி தர வேண்டும். அது தரவில்லை. ஆனால் ஒரு கரையிலிருந்து மறு கரையைப் பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை என்று சட்டப் பிரிவு கருத்துச் சொன்னது. எனவே டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு முக்கோணத்தால் அளப்பது என்று வாரியம் முடிவெடுத்தது.

கோவிந்தம்மாளின் வீட்டுக்கு அமைந்த முக்கோணம் இது. முதல் மூலை, எதிர்க்கரைக் கல். இரண்டாவது மூலை, இந்தக் கரையில் நிற்கும் தண்ணீர் டேங்க். மூன்றாவது மூலை, அவள் வீட்டு வாசற்படி. கல்லுக்கும் டேங்குக்கும் நூறு மீட்டர் என்று பழைய வரைபடம் சொன்னது. டேங்கிலிருந்து வாசற்படி அறுபது மீட்டர். அது தரை என்பதால் டேப் வைத்தே அளந்தார்கள். கல்லின் பக்கத்தில் கருவியை வைத்துப் பார்த்தபோது டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவே முப்பது டிகிரி. எனில், கல்லுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் என்ன?

சர்வேயர் கால்குலேட்டரைத் தட்டினார். பிறகு அவள் வீட்டுச் செங்கல் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் 53 என்று எழுதினார்.

"பாய் சாப், இது இன்னாது?" என்றாள் கோவிந்தம்மாள்.

"டூட்டேகா," என்றார் அவர். இடிந்துவிடும்.

அவளுக்கு எங்கோ இடறியது. நாலாவை ஒட்டி முதல் வரிசையில் இருந்தவள் இளவரசி. தோட்ட வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லாதவள். அவள் வீட்டில் 74 என்று எழுதியிருந்தார்கள். முன் வரிசை எழுபத்து நாலு என்றால் கடைசி வரிசை எப்படி ஐம்பத்து மூன்றாகும்?

"நீ பின்னாடி இருக்கிறதால கொறைஞ்சிருக்குமோ என்னவோ, அக்கா," என்றாள் இளவரசி.

நரேலா ஃபிளாட் கோவிந்தம்மாளுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அங்கிருந்து லோதி ரோடு வர மூன்று பஸ் மாற வேண்டும். காலைக் காப்பிக்கு வர முடியாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? குழந்தைசாமியை வாரா வாரம் தூக்கிக்கொண்டு போகும் ஆஸ்பத்திரியும் இங்கேதான். அவளுக்கு வீடு வேண்டும், அதுவும் இங்கேயே வேண்டும்.

அவள் வேலை பார்த்த வீடுகளில் ஒன்று வெங்கடராமனுடையது. ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கல்லூரியில் கணக்கு படித்தவர். முப்பது வருஷமாக அந்தப் படிப்புக்கு அமைச்சகத்தில் வேலையே வரவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. கோவிந்தம்மாள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் முக்கோணம் போட்டார்.

"இதுல செங்கோணமே இல்லை, பாத்தியோ?"

"எங்க வூட்ல அதெல்லாம் ஏது சார்? அது இல்லன்னா இடிச்சுடுவாங்களா?"

"அதில்லை. செங்கோணம் இருந்தா சின்னக் குழந்தைகூடப் போட்டுடும். இது சைன் விதி. ஒரு கோணம், அதுக்கு எதிர்ல ஒரு பக்கம், இன்னொரு பக்கம் தெரியும். இந்த மாதிரி கணக்குல ஒரு விஷமம் உண்டு. இப்ப டேங்க் கால்ல ஒரு ஆட்டைக் கட்டறோம்னு வெச்சுக்கோ. கயிறு அறுபது மீட்டர். ஆடு கயித்தை இழுத்துண்டே வட்டமா வரது. கல்லுலேர்ந்து உன் வீட்டுப் பக்கமா ஒரு நேர்க்கோடு போறது. அந்தக் கோட்டை ஆடு எத்தனை தரம் தாண்டும்?"

கோவிந்தம்மாள் கை கழுவிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள். "போவசொல்லோ ஒருவாட்டி, வரசொல்லோ ஒருவாட்டி."

"பேஷ்! அப்ப ரெண்டு இடம். ஒண்ணு கல்லுலேர்ந்து ஐம்பத்து மூணு மீட்டர். இன்னொண்ணு கிட்டத்தட்ட நூத்தி இருபது. உன் வீடு அந்த நூத்தி இருபதுல இருக்கு. சர்வேயர் முதல் விடையைப் பாத்ததும் எழுந்து போயிட்டான்!"

சமையலறையிலிருந்து அவர் மனைவி சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். "அந்த ஐம்பத்து மூணுல என்ன இருக்கு?"

"நாலாதான். நடுத் தண்ணி."

அன்றே அவர் மனு எழுதினார். இம்முக்கோணத்துக்கு இரண்டு விடைகள் உண்டு என்றும், இரண்டும் கணிதப்படி செல்லத்தக்கவை என்றும், வாரியம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது பிழை என்றும் நல்ல ஆங்கிலத்தில் எழுதி, படமும் போட்டு, அடியில் கோவிந்தம்மாளிடம் கைநாட்டு வாங்கினார். அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாரியம் இருவரையும் விசாரணைக்கு அழைத்தது. துணை இயக்குநர் அனந்தகிருஷ்ணன் கரோல்பாகில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் ஜனங்கள் வந்தால் தமிழிலேயே பேசுவது என்ற கொள்கை உடையவர். எழுந்து நின்று வெங்கடராமனுக்குக் கை கொடுத்தார்.

"அச்சா மனு சார். எங்க சர்வேயர் ஒரு வீட்டைத்தான் கண்டுபிடிச்சிருந்தார். இன்னொரு வீடு உங்களாலதான் வெளில வந்துது. வாரியம் சார்புல தேங்க்யூ."

வெங்கடராமன் கையை இழுத்துக்கொண்டார். "இன்னொரு வீடா? விடைதான் ரெண்டு சார். வீடு ஒண்ணு."

"கேள்வி என்ன? கல்லுலேர்ந்து வீடு எவ்வளவு தூரம்? பதில், ஐம்பத்து மூணு, நூத்தி இருபது. அப்படின்னா ஐம்பத்து மூணுல ஒரு வீடு, நூத்தி இருபதுல ஒரு வீடு. ரெண்டும் செல்லும்னு நீங்களே எழுதியிருக்கேள். படிச்சவா இப்படி மாத்திப் பேசப்படாது." அவர் கோவிந்தம்மாளைப் பார்த்துத் திரும்பினார். குரலில் வருத்தம் இருந்தது. "அம்மா, ரெண்டு வீடு இருக்கறதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். வேற வீடு இருக்கறவங்களுக்கு நரேலா ஃபிளாட் கிடையாது. அது ஏழைகளுக்கு."

"சார், எனக்கு ஒரே வூடுதான் சார். எம் புள்ளைங்க இருந்தா அதுங்க மேல சத்தியம் பண்ணுவேன். புள்ளையும் இல்ல. நீங்க ஒரு நட வந்து கண்ணால பாருங்க சார்."

அனந்தகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று தோன்றியது.

"கண்ணால பாக்கறதுலதாம்மா இந்த நாட்டுல எல்லாத் தப்பும் ஆரம்பிக்கறது. ஒருத்தர் வந்து பாத்தா பாவம்னு தோணும். இன்னொருத்தர் வந்து பாத்தா டீ குடுப்பீங்க, மனசு இளகும். அதுக்குத்தான் துல்லிய அளவைன்னு ஒரு வாரியத்தையே வெச்சிருக்கு. நான் சேர்ந்ததுலேர்ந்து எத்தனையோ ஆயிரம் வீட்டுக்கு உத்தரவு போட்டாச்சு. ஒரு வீட்டைக்கூட நான் பாத்தது கிடையாது. அதனாலதான் என் மேல பாரபட்சம்னு இன்னிவரைக்கும் ஒரு புகார் வரலை."

வெங்கடராமன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "சார், இது ரொம்பச் சின்ன விஷயம். கருவியை அவ வீட்டு வாசல்ல வெச்சு, கல்லுக்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கற கோணத்தை எடுங்கோ. குறுங்கோணமா இருந்தா தூரத்து வீடு. விரிகோணமா இருந்தா கல்லுக்குக் கிட்ட இருக்கற வீடு. முடிஞ்சுது."

"கருவியை எந்த வீட்டு வாசல்ல வைக்கச் சொல்றேள்?"

"அவ வீட்டு வாசல்ல."

"எது அவ வீடுங்கறதுதானே சார் விசாரணையே? அது தெரிஞ்சாத்தான் கருவியை வைக்க முடியும். தெரிஞ்சுட்டா எதுக்கு வைக்கணும்?"

வெங்கடராமன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் வந்து செருப்பு மாட்டிக்கொள்ளும்போது, "கணக்கு சரிதான் கோவிந்தம்மா. கணக்குல ஒரு தப்பும் இல்லை," என்றார்.

சேதி அவளுக்கு முன்பே கேம்ப்புக்குப் போய்விட்டது. கோவிந்தம்மாளுக்கு இன்னொரு வீடு இருக்கிறதாம், ஆபீசர் வாயாலேயே சொன்னாராம். குழாயடியில் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும், "லோதி ரோட்லயே வெச்சிருக்கியா, இல்ல ஐ.என்.ஏ. பக்கமா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

குழந்தைசாமி சோற்றைத் தொடவில்லை.

"இன்னொரு வூட்டுல யாரு இருக்கறான்?" என்றான் கூரையைப் பார்த்தபடி.

"யோவ், உனக்குமா?"

"நான் படுத்துக் கெடக்கறவன். எனக்கு என்னா தெரியும். ஆபீசருங்க மிஷின் வெச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சிருக்கறாங்க."

கோவிந்தம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் விழுந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அப்போது என்ன நடந்தது என்று புரிந்தது. இப்போது அது புரியவில்லை.

மனுவின் மீது வாரியம் உத்தரவு பிறப்பித்தது. கல்லிலிருந்து நூற்றிருபது மீட்டரில் உள்ள முதல் வீடு விதிகளுக்கு உட்பட்டது, அது பாதுகாக்கப்படும். ஐம்பத்து மூன்றில் உள்ள இரண்டாவது வீடு ஆக்கிரமிப்பு, அது இடிக்கப்படும். உத்தரவைப் படித்ததும் வெங்கடராமன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஜெயிச்சுட்டோம்! நூத்தி இருபதைத் தொட மாட்டா. அந்த இன்னொரு வீடு நாலாத் தண்ணிக்குள்ள இருக்கு. இடிச்சுண்டு போகட்டுமே!"

"இந்தாங்கோ," என்றாள் சுந்தரவல்லி, "நீங்க வாயை மூடிண்டு இருங்கோ. இல்லாத வீட்டை அவா எப்படி இடிப்பா?"

அவர் மறுபடி உட்கார்ந்து உத்தரவை முதலிலிருந்து படித்தார்.

இடிக்கிற நாளன்று காலையில் ஜேசிபி வந்தது. போலீஸ் வேன் வந்தது. அனந்தகிருஷ்ணனும் வந்தார். பாரபட்சம் ஏற்பட்டுவிடாமல் இருக்க அவர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் பாதி இறக்கினார்.

சர்வேயர் கரையோரம் நின்று நாலாவைப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர், நுரை, மிதக்கும் தெர்மோகோல். கல்லிலிருந்து சரியாக ஐம்பத்து மூன்றாவது மீட்டரில் ஒரு பிளாஸ்டிக் மூட்டை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் காருக்கு ஓடினார்.

"சாப், வஹான் மக்கான் நஹீன் ஹை," என்றார். அங்கே வீடு இல்லை.

"எப்படி இல்லாம இருக்கும்? சைன் விதி பொய் சொல்லுமா?" அனந்தகிருஷ்ணன் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார். "அம்மா, மழைக்காலத்துல முழுகியிருக்கும். எந்த இடம்னு காட்டுங்க. ஒத்துழைச்சா நல்லது."

"சார், தண்ணிக்குள்ள எவனாச்சும் வூடு கட்டுவானா?"

"கட்டினது நீங்க. காரணம் நீங்கதான் சொல்லணும்."

ஜேசிபி டிரைவர் நாலாவுக்குள் இறங்க மாட்டேன் என்றார். சேறு அவர் வண்டியை விழுங்கிவிடும். அதுவும் போக, தண்ணீர் வேறோர் இலாகாவுடையது. காரின் கண்ணாடி ஏறியது. உள்ளே போன் பேச்சு நடந்தது. கண்ணாடி இறங்கியது.

"இன்னிக்கு இந்த உத்தரவுக்கு ஒரு வீடு இடிச்சதா மேலிடத்துக்குப் போட்டோ போயாகணும்," என்றார் அனந்தகிருஷ்ணன். "அதனால வாரியம் ஒரு முடிவுக்கு வந்திருக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சொந்தக்காரர். ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு. ஒண்ணு வண்டி போக முடியாத இடம், இன்னொண்ணு வண்டி போற இடம். இரண்டாவது வீட்டை முதல் வீடு இருக்கற இடத்துல வெச்சு இடிப்போம். ஆனா இடிபடறது இரண்டாவது வீடுதான். அதுல ஒருத்தருக்கும் சந்தேகம் வரக் கூடாது. முதல் வீட்டு மேல யாராவது கை வெச்சா நானே ஆக்‌ஷன் எடுப்பேன்."

கோவிந்தம்மாள் ஜேசிபியின் முன்னால் போய் நின்றாள். பெண் போலீஸ் இருவர் அவளை இழுத்தார்கள். "உள்ள மனுசன் இருக்கறான்! எழுந்துக்க முடியாத மனுசன்!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் இளவரசி ஓடி வந்தாள். கோவிந்தம்மாள் பிடியை உதறிவிட்டு வர, அவர்கள் இரண்டு பேருமாகக் கட்டிலோடு குழந்தைசாமியைத் தூக்கினார்கள். வாசல் குறுகல். கட்டிலைச் சாய்த்தபோது அவன் வலி தாங்காமல் மனைவியின் தோளைக் கடித்தான். அடுப்பு, அரிசி டப்பா, கொசுவலை என்று கையில் கிடைத்ததை இளவரசி வெளியே வீசினாள். "ஜல்தி, ஜல்தி," என்று போலீஸ்காரர் லத்தியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

செங்கல் சுவர் ஒரே இடியில் போனது. சிவப்பு ஐம்பத்து மூன்று இரண்டாகப் பிளந்து, ஐந்து ஒரு பக்கமும் மூன்று ஒரு பக்கமுமாக விழுந்தது. சர்வேயர் போட்டோ எடுத்தார்.

அவ்வளவு நேரமும் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைசாமி மனைவியின் முந்தானையைப் பிடித்தான்.

"நமக்கு ஒரே வூடுதான் புள்ள," என்றான். "எனக்கு இப்பத்தான் தெரியுது."

அவள் கொசுவலையை உதறி அவன் மேல் போர்த்தினாள்.

அன்று மாலைக்குள் எண்பது மீட்டருக்குள் இருந்த வரிசைகளும் தரைமட்டமாயின. இளவரசியின் எழுபத்து நாலும் போனது. நரேலா ஃபிளாட்டுகளுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை, வைத்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று அவளிடம் சொன்னார்கள்.

மறுநாள் வாரியத்திலிருந்து ஓர் ஆள் இரும்புக் கம்பத்தோடு வந்தான். கோவிந்தம்மாளின் செங்கல் குவியலை ஒதுக்கி, அதன் நடுவில் குழி தோண்டி, சிமென்ட் போட்டுக் கம்பத்தை நட்டான். கம்பத்தின் உச்சியில் ஒரு நீலப் பலகை. 'பாதுகாக்கப்பட்ட வீடு. இதைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருந்தது. தான் எதை நடுகிறோம் என்று அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ஆனால் கேட்கவில்லை. வாரியத்தில் வேலை பார்ப்பவன்.

கோவிந்தம்மாள் அன்றைக்கே வாரியத்துக்கு நடந்து போனாள். அனந்தகிருஷ்ணன் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"சார், எனக்குக் கெடையாதுன்னு சொன்ன ஃபிளாட்டையாவது குடுங்க சார். இருக்கறதுக்கு எடமில்ல. அவரு வெய்யில்ல கெடக்கறாரு."

"உங்களுக்குத்தான் வீடு இருக்கேம்மா. முதல் வீடு. பலகையே வெச்சாச்சு."

"அது இல்ல சார். அதத்தான் இடிச்சீங்க."

"இடிச்சது இரண்டாவது வீடு." அவர் குரல் உண்மையிலேயே கனிவாக இருந்தது. "நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். முருகன் கேம்ப்புல இடிக்கறதுன்னு குறிச்ச எல்லாரும் வீட்டை இழந்திருக்காங்க. வாரியம் காப்பாத்திக் குடுத்த ஒரே வீடு உங்களுது. வருஷாந்தர அறிக்கையில போடப் போறோம். போங்கம்மா. வீட்டுக்குப் போங்க."

அவள் நேரே கேம்ப்புக்குத் திரும்பினாள். வெங்கடராமன் அங்கே வந்திருந்தார். கையில் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய். சுந்தரவல்லி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் எதையும் விளக்க முயலவில்லை. கோவிந்தம்மாள் ஏறி நிற்கச் செங்கல்லை அடுக்கிக் கொடுத்தார். அவள் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பலகைக்குக் கீழே கம்பத்தில் இறுக்கிக் கட்டினாள். மற்ற மூலைகளை இழுத்துக் கற்களின் அடியில் செருகினாள். கட்டிலை உள்ளே தள்ளினார்கள்.

ரோந்து வந்த போலீஸ்காரர் லத்தியால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கழற்று என்றார். கோவிந்தம்மாள் பலகையைக் காட்டினாள். அவர் அதை இந்தியில் ஒரு முறை படித்தார், ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தார். தண்டனைக்குரிய குற்றம் என்ற இடத்தில் நின்றார். பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாக நடந்து போய்விட்டார்.

மழை தூற ஆரம்பித்தது. முன் வரிசையில் தன் செங்கற்களின் மேல், தன் அரிசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இளவரசி உட்கார்ந்திருந்தாள். கோவிந்தம்மாள் தார்ப்பாயை விலக்கிக் கூப்பிட்டாள்.

"அங்க எதுக்குடி நனையற? உள்ள வா."

"இருக்கற எடத்துல நீங்க ரெண்டு பேருமே எப்படிக்கா படுப்பீங்க? நான் வேற எதுக்கு?"

"வாடி," என்றாள் கோவிந்தம்மாள். "எனக்குத்தான் ரெண்டு வூடு இருக்குதே. ஒண்ணுல நீ இரு."